பொறிக்கு ஆள் தெரியாது

நடு இரவு. பகல் முழுவதும் வெல்டிங் வேலை செய்து களைத்துப் படுத்த தொழிலாளி துடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார். இரண்டு கண்ணிலும் பிடி மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்ததுபோல் எரிச்சல். கண்ணைத் திறக்க முடியவில்லை, மூடவும் முடியவில்லை. விளக்கைப் போட்டால் ஊசியாகக் குத்துகிறது. கண்ணீர் வடிய வடிய, விடிகிற வரைக்கும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு தெரு தள்ளி, அவருக்கு இரும்பைப் பிடித்துக் கொடுத்த ஹெல்பர் பையனும் அதே நேரத்தில் அதேபோல் உட்கார்ந்திருக்கிறான். அவன் ராடைத் தொடக்கூட இல்லை. பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான்.

வெல்டிங் பட்டறை உள்ள ஊர்களுக்கெல்லாம் இந்த இரவு தெரியும்.

மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் படிக்கிற பத்திரிகையில் வெல்டிங்கைப் பற்றி என்ன தலையங்கம் என்று சில தோழர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். மில்லில் ஒரு இயந்திரத்தின் சட்டம் உடைந்தால் யார் வருகிறார்? ஆவிக் குழாயில் ஓட்டை விழுந்தால் யார் வருகிறார்? கிராமத்தில் டிராக்டர் டிரெய்லரின் கொக்கி அறுந்தால், கலப்பையின் கொழு தேய்ந்தால், பம்ப்செட் கொட்டகைக்குக் கதவு வேண்டுமென்றால் யாரிடம் போகிறோம்? வெல்டரிடம்தான். திருச்சியில் பாய்லர் தொழிற்சாலை 1965-ல் தொடங்கிய காலத்தில் வெல்டிங் என்பது பெரிய தொழிற்சாலைக்குள் நடக்கிற வித்தை. இன்று அது டீக்கடைக்குப் பக்கத்தில், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், வயல் வரப்பில் நடக்கிறது. அந்த வெளிச்சம் விழாத மில்லும் இல்லை, ஊரும் இல்லை. ஆகவே அந்த அபாயம் எட்டாத தொழிலாளியும் இல்லை.

வெல்டிங்கின் விசேஷமே இதுதான். தறியில் கை சிக்கினால் தறிக்காரரின் கை போகிறது. அதுவும் கொடுமைதான். ஆனால் வெல்டிங்கின் ஒளியும், புகையும், பொறியும் வெல்டரோடு நிற்பதில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் போகும். கீழே வேலை செய்பவர் தலையில் விழும். அடுத்த அறையில் தூங்குபவரிடம் போகும். பொறிக்கு ஆள் தெரியாது. ஆகவே வெல்டரின் பாதுகாப்பு அவருடைய சொந்த விவகாரம் அல்ல. அந்த இடத்திலுள்ள அத்தனை பேருடைய விவகாரம். இதைச் சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

கண்ணைச் சுடும் ஒளி

முதலில் ஒளியைப் பார்ப்போம். இரும்பு உருகுவதற்குச் சுமார் 1,500 டிகிரி வெப்பம் வேண்டும். ராடின் நுனியில் எரியும் மின்சாரப் பிழம்பின் வெப்பம் அதைப்போல் பல மடங்கு. அதிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மட்டும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் வருகிறது. அது கண்ணின் கருவிழி மேலுள்ள மெல்லிய தோலைச் சுடுகிறது. வெயிலில் முதுகுத் தோல் கருகுவதுபோலத்தான். ஆனால் சுட்ட உடனே வலிக்காது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து வலிக்கும். வேலை நேரத்தில் வலிக்காததால் மேஸ்திரிக்கு அது தெரியாது, கணக்கிலும் ஏறாது. வலி வீட்டுக்கு வந்து சேர்கிறது. மறுநாள் கூலியும் போகிறது.

ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் ஆறிவிடும் என்பது உண்மை. ஆறிவிடுகிறது என்பதனாலேயே இதைத் துச்சமாக நினைக்கிறோம். திரும்பத் திரும்பச் சுட்டால்? அதே ஒளி கருவிழியைத் தாண்டி உள்ளே விழித்திரையையும் தாக்கக்கூடியது. விழித்திரையில் பட்ட சேதம் ஆறுவது நிச்சயமில்லை.

வைத்தியம் என்ற பெயரில் நாம் செய்வதும் சரியில்லை. உருளைக்கிழங்கை நறுக்கிக் கண்மேல் வைக்கிறோம். தாய்ப்பால் விடுகிறோம். மருந்துக் கடையில் மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறோம். அந்தச் சொட்டு மருந்து வலியைத்தான் மறைக்கும். தொடர்ந்து விட்டால் புண் ஆறுவதைக் கெடுக்கும். கண்ணைக் கசக்கக் கூடாது. இருட்டில் இருந்து, சுத்தமான ஈரத்துணியை மூடிய கண்மேல் போட்டுக்கொண்டு, கண் டாக்டரைப் பார்ப்பதே முறை.

இதற்குத் தடுப்பு என்ன? தெருவில் விற்கும் கூலிங் கிளாஸ் தடுப்பாகாது. மின்சார வெல்டிங்குக்கென்று கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. அதன் கருமைக்கு எண் உண்டு. ஆம்பியருக்குத் தகுந்தாற்போல் 10 முதல் 13 வரை எண்ணுள்ள கண்ணாடி வேண்டும். கேஸ் வெல்டிங்குக்கு 5-ஐ ஒட்டிய எண் போதும். ஒன்றுக்குள்ளதை மற்றொன்றுக்குப் போடக் கூடாது. கசடைத் தட்டும்போதும் கிரைண்டர் பிடிக்கும்போதும் வெள்ளைக் கண்ணாடி வேண்டும். வெல்டிங்குக்குக் குனிந்து தப்பிய கண் கசடு தெறித்துப் போன கதை ஏராளம். வெல்டருக்கு எது உண்டோ அது ஹெல்பருக்கும் உண்டு. வேலையைச் சுற்றி ஒரு தட்டி, ஒரு தகரம், தீப்பிடிக்காத திரை ஏதாவது நிறுத்த வேண்டும். ராடை உரசுமுன் "கண்ணு!" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள் அந்த நீல வெளிச்சத்தை வேடிக்கை பார்க்க நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களை விரட்டுவது ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். அதுவும் வேலைதான்.

நெஞ்சில் படியும் புகை

இரண்டாவது, புகை. ஜி.ஐ. பைப்பை, துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் வைத்த அன்று மாலை குளிர்காய்ச்சல் வருவது பழைய வெல்டர்களுக்குத் தெரியும். உடம்பு நடுங்கும், வாயில் உலோக ருசி தட்டும், மறுநாள் தணியும். "பால் குடி, வெல்லம் சாப்பிடு, சரியாகிவிடும்" என்று சொல்வோம். பால் வயிற்றுக்குப் போகிறது. புகை நுரையீரலுக்குப் போகிறது. பால் குடிப்பது உடம்புக்கு நல்லது. ஆனால் புகையை அது தடுக்காது. எவர்சில்வர் வெல்டிங்கில் வரும் புகையில் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன. சாதாரண ராடின் புகையிலும் மாங்கனீஸ் இருக்கிறது. அது அதிகம் சேர்ந்தால் நரம்பைத் தாக்கிக் கைகாலில் நடுக்கம் கொண்டுவரும்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2017-ல் ஒரு முடிவுக்கு வந்தது. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது நிச்சயம் என்று அறிவித்து, அதை முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலை இருக்கும் வகுப்பு அதுதான். சிகரெட் பெட்டியின்மேல் எச்சரிக்கைப் படம் போடுகிறார்கள். வெல்டிங் பட்டறையின் கதவில் எந்தப் படம் தொங்குகிறது?

முடிந்தவரை திறந்த இடத்தில் வேலை செய்ய வேண்டும். காற்று நம் பக்கவாட்டில் வீசும்படி நிற்க வேண்டும். புகை எழும் இடத்துக்கு நேர்மேலே தலையை நீட்டக் கூடாது. கூடத்துக்குள் வேலை என்றால் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் மின்விசிறி வைப்பது முதலாளியின் கடமை. முகத்தில் கைக்குட்டை கட்டுவது தூசுக்கே போதாது. உலோகப் புகைக்கு என்ன ஆகும்? அதற்கென்று உள்ள முகமூடி வேண்டும். பெயிண்டையும் துத்தநாகப் பூச்சையும் சுரண்டிவிட்டுப் பிறகு ராடை வைப்பது நல்ல வழக்கம்.

பஞ்சும் பொறியும்

மூன்றாவது, பொறி. மில் தோழர்கள் இதைக் கூர்ந்து படிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

கடல் கடந்து நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். நார்மண்டி என்பது பிரான்ஸ் தேசத்தில் கட்டிய பிரம்மாண்டமான பயணிக் கப்பல். இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்க சர்க்கார் அதை எடுத்துக்கொண்டு, நியூயார்க் துறைமுகத்தில் ராணுவக் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தது. 1942 பிப்ரவரி 9-ந் தேதி பிற்பகல், கப்பலின் பெரிய கூடத்தில் இரும்புத் தூண்களை கேஸ் கட்டிங் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகள் குவிந்து கிடந்தன. அவற்றுக்குள் அடைத்திருந்தது என்ன தெரியுமா? இலவம்பஞ்சு! பொறி பஞ்சில் விழுந்தது. தீ மேல்தளங்களில் பரவியது. அணைக்க ஊற்றிய தண்ணீரின் பாரத்தால் சாய்ந்து, மறுநாள் விடியுமுன்னே அந்தக் கப்பல் துறைமுகத்திலேயே கவிழ்ந்தது. எதிரி நாட்டின் சதியோ என்று முதலில் சந்தேகித்தார்கள். விசாரித்துப் பார்த்ததில் சதி எதுவும் வெளிவரவில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்ற அவசரமும், பஞ்சை அப்புறப்படுத்தாமல் தீயைப் பற்றவைத்த முறைகேடும்தான் வெளிவந்தன.

கப்பலில் குவிந்திருந்தது மிதவைச் சட்டைக்குள் அடைத்த பஞ்சு. நம் மில்லில்? புளோரூமில் பஞ்சு, கார்டிங்கில் பஞ்சு, உத்தரத்தின்மேல் பஞ்சுத் தூசி, குழாய்க்குள் பஞ்சுத் தூசி, குடோனில் பேல் பேலாகப் பஞ்சு! அங்கே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "ஐந்து நிமிஷ வேலைதான், ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போ" என்று வெல்டரைக் கூப்பிடுகிறார்கள். காற்றோட்டத்தில் பஞ்சை இழுத்துச் செல்லும் குழாய் ஒரு பொறியை விழுங்கினால், அதை நேரே தூசி அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பேலுக்குள் புகுந்த பொறி உடனே சுடர்விட்டு எரியாது. உமிக்குள் கங்குபோல் மணிக்கணக்காகக் கனன்று, ஷிப்டு மாறிய பிறகு, வெல்டர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு எரியும். அப்போது அங்கே இருப்பவர் யார்? இராத்திரி ஷிப்டுக்கு வந்த தொழிலாளி. பகலில் அங்கே வெல்டிங் நடந்தது என்றே அவருக்குத் தெரியாது.

இதற்குச் சரியான முறை இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கழற்றக்கூடிய பாகத்தைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோ. முடியாவிட்டால் மெஷினை நிறுத்து. சுற்றிலும் 35 அடிக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. எடுக்க முடியாததைத் தீப்பிடிக்காத போர்வையால் மூடு. தரையிலும் சுவரிலும் உள்ள ஓட்டைகளை அடை. தண்ணீரும் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை செய்பவர் முகத்தை மூடியிருக்கிறார். பொறி எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஆள் வேண்டும். வேலை முடிந்தும் அந்த ஆள் போய்விடக் கூடாது. அரை மணி நேரம் என்று இருந்த காவலை அமெரிக்கத் தீத்தடுப்பு விதி இப்போது ஒரு மணி நேரமாக உயர்த்தியிருக்கிறது. பஞ்சு இருக்கும் இடத்தில் ஒரு மணி நேரமும் குறைவுதான் என்பது நம் கருத்து. அடுத்த ஷிப்டுக்காரருக்கு எழுத்தில் தகவல் தரவேண்டும்.

பொறி மேலிருந்து விழும்போது கீழே இருப்பவர் கதி என்ன? 1996 ஏப்ரலில் ஜெர்மனியின் டூசல்டார்ப் விமான நிலையத்தில், மேலே உள்ள சாலையில் வெல்டிங் நடந்தது. பொறி கீழ்க்கூரையின் உட்பகுதிக்குள் இறங்கியது. கீழே இருந்த விமான நிலையக் கட்டிடத்தில் 17 பேர் மாண்டனர். 2010 நவம்பர் 15 அன்று சீனாவின் ஷாங்காய் நகரில், ஜனங்கள் குடியிருந்த 28 மாடிக் கட்டிடத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். வெல்டிங் பொறி சாரத்தில் கட்டியிருந்த நைலான் வலையைப் பற்றியது. 58 பேர் மாண்டனர். வெல்டர்களுக்கு லைசென்ஸ் இல்லை என்பதும், வேலை காண்டிராக்டரிடமிருந்து சப்-காண்டிராக்டருக்கும் அவரிடமிருந்து இன்னொருவருக்கும் கைமாறியது என்பதும் விசாரணையில் தெரிந்தது. காண்டிராக்டுக்குள் காண்டிராக்டு என்றால், ஒவ்வொரு கையிலும் லாபம் ஒட்டுகிறது, பொறுப்பு ஒட்டுவதில்லை. எந்த நாடானாலும் இதே கதைதான்.

கிராமத்திலும் இதே பொறிதான். கீற்றுக் கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும் பக்கத்தில், வைகாசிக் காற்றில், அறுவடை மெஷினை நிறுத்திக்கொண்டு ஒட்டவைக்கிறார்கள். பற்றிக்கொண்டால் போவது ஒரு வைக்கோல் போர் மட்டுமா? காற்று வாக்கில் உள்ள அத்தனை கூரையும் கூலிக்காரன் கூரை.

காலிப் பேரல் காலியில்லை

நான்காவது, பேரல். இதில் உயிர் போவது நொடியில்.

டீசல் பேரலின் தலையை அறுத்துத் தண்ணீர்த் தொட்டியாக்குவது ஊரெங்கும் நடக்கிறது. டிராக்டர் டாங்கியில் ஓட்டை என்றால் அப்படியே வெல்டிங் வைக்கச் சொல்கிறார்கள். "காலிப் பேரல்தானே?" என்கிறார்கள். நிறைந்த பேரலைவிடக் காலிப் பேரல்தான் அபாயம். அடியில் இரண்டு கரண்டி எண்ணெய் ஒட்டியிருந்தால் போதும். சூடு பட்டதும் அது ஆவியாகி உள்ளேயுள்ள காற்றோடு கலந்து வெடிமருந்தாகிறது. பெயிண்டு, தின்னர், பூச்சிமருந்து இருந்த பேரலும் அப்படியே. 2016 நவம்பர் 1-ந் தேதி பாகிஸ்தானின் கடானி கடற்கரையில், உடைப்பதற்குக் கொண்டுவந்த எண்ணெய்க் கப்பல் வெடித்து எரிந்தது. இருபதுக்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். எண்ணெயைச் சுத்தமாக அகற்றாமல் அறுக்க விட்டதை எதிர்த்து அங்குள்ள தொழிலாளர்கள் குரல் எழுப்பினார்கள்.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37-வது பிரிவே இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தது: எரியும் பொருள் இருந்த பாத்திரத்தை, அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் அகற்றாமல் வெல்டிங்குக்கோ அறுப்புக்கோ உட்படுத்தக் கூடாது. சட்டம் எழுதி எழுபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. பேரல் இன்னும் வெடிக்கிறது! நாம் சொல்வது சுருக்கமானது: என்ன இருந்தது என்று தெரியாத பேரலைத் தொடாதீர்கள். கழுவி, வாயைத் திறந்துவைத்து, உள்ளே ஆவி இல்லையென்று கருவி வைத்துச் சோதிக்கத் தெரிந்தவர் சோதித்துச் சொன்னாலன்றி ராடை உரசாதீர்கள். தண்ணீர்த் தொட்டி வேண்டுமென்றால் புதியது கிடைக்கும், வெல்டர் கிடைக்கமாட்டார்.

தொட்டிக்குள், கிணற்றுக்குள், பாய்லருக்குள் இறங்கிச் செய்யும் வேலையும் இதைச் சேர்ந்தது. உள்ளே காற்று கெட்டுப்போகும். மூச்சு முட்டுகிறதென்று ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவது தற்கொலைக்குச் சமம். ஆக்சிஜன் ஊறிய துணி ஒரு பொறியில் பந்தமாக எரியும். உடம்புத் தூசியை ஆக்சிஜன் வைத்து ஊதித் தள்ளுவதும், ஆக்சிஜன் வால்வுக்கு எண்ணெய் போடுவதும் அதேபோல் கூடாத காரியங்கள். உள்ளே ஒருவர் என்றால் வெளியே ஒருவர், கயிற்றோடு, கண்ணெடுக்காமல் நிற்க வேண்டும். உள்ளே மயங்கியவரைத் தூக்க அவசரப்பட்டு இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கிய மூன்றாமவரும் சேர்ந்து இறந்த துயரங்களை நாடு மறுபடியும் மறுபடியும் காண்கிறது. சகதொழிலாளியைக் காப்பாற்றத் துடிக்கும் நெஞ்சு நம்முடைய பெருமை. அந்த நெஞ்சைப் பலி வாங்காமல் இருக்கத்தான் கயிறும், காற்றுக் குழாயும், பயிற்சியும் கேட்கிறோம்.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். வியர்வையில் நனைந்த உடம்பு, ஈரக் கையுறை, வரப்புச் சேறு, உடைந்த ஹோல்டர், ஒட்டுப்போட்ட கேபிள் இவை ஒன்று சேர்ந்தால் வெல்டிங் மெஷினின் மின்சாரமே ஆளைக் கொல்லும். எர்த் கிளாம்பை ஒட்டுகிற இரும்பிலேயே மாட்டுங்கள். காய்ந்த பலகைமேல் நில்லுங்கள். ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடுமுன் சுவிட்சை அணையுங்கள். பாலியஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நம் மில்லில் நூற்கிற பருத்தித் துணியே வெல்டருக்கு உகந்தது.

யாருடைய அஜாக்கிரதை?

விபத்து நடந்ததும் முதலாளி தரப்பில் ஒரே வார்த்தை வரும்: "தொழிலாளியின் அஜாக்கிரதை." நாம் கேட்கிறோம்: அடிக்கணக்கில், எடைக்கணக்கில் கூலி பேசி அவசரப்படுத்தியது யார்? ஆயிரக்கணக்கில் விலையுள்ள மெஷினை வாங்கிவிட்டு, சில நூறு ரூபாய் ஷீல்டுக்கும் கையுறைக்கும் கணக்குப் பார்த்தது யார்? மெஷினை நிறுத்தினால் உற்பத்தி குறையும் என்று பஞ்சுக்கு நடுவில் பொறி பறக்கவிட்டது யார்? செருப்புக் காலோடு, லுங்கியோடு நிற்கும் ஹெல்பரைப் பார்த்தும் பாராமல் போனது யார்? அஜாக்கிரதை என்ற சொல்லுக்குச் சொந்தக்காரர் அங்கேதான் இருக்கிறார்.

அதே நேரத்தில் நம்முடைய குறையையும் நாம் மறைக்கக் கூடாது. "இருபது வருஷமாகக் கண்ணாடி இல்லாமல் பொட்டு வைக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று பேசும் அண்ணன்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கொடுத்த ஷீல்டை மூலையில் போட்டுவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ராடை வைப்பதை வீரம் என்று நினைக்கிறோம். அந்த அண்ணனைப் பார்த்துத்தான் தம்பி தொழில் கற்கிறான். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்பது இருக்கட்டும். தம்பிக்கு என்ன ஆகும்? கைத்திறமையைப் போலவே பாதுகாப்பும் தொழிலின் பாகம். நல்ல வெல்டர் என்றால் அவர் வைத்த ஒட்டு உடையக் கூடாது. அவர் பக்கத்தில் நின்றவரும் நலமாக வீடு திரும்ப வேண்டும்.

சட்டமும் சங்கமும்

1948 சட்டத்தின் இடத்துக்கு இப்போது வேறு சட்டம் வந்திருக்கிறது. 2020-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. மின்சார சக்தியோடு 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். புதிய தொகுப்பு அதை 20 ஆக உயர்த்திவிட்டது. மின்சாரமில்லாத இடத்துக்கு 20 என்பது 40 ஆகிவிட்டது. வெல்டிங் பட்டறைகள் பெரும்பாலும் எத்தனை பேரை வைத்து நடக்கின்றன? மூன்று பேர், ஐந்து பேர், பன்னிரண்டு பேர்! கண் போவதற்கு இருபது பேர் வேண்டுமா? இந்த உயர்வை நாம் ஏற்கவில்லை.

ஆனால் அதே தொகுப்பில் நம் கைக்கு உதவும் சில வரிகளும் உண்டு. பாதுகாப்புக்காகவும் சுகாதாரத்துக்காகவும் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால், தொழிலாளி அதை முதலாளிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கலாம். இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஷீல்டுக்கும் ஷூவுக்கும் கூலியில் பிடித்தம் செய்தால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதை நடக்க வைப்பது சங்கம். பஞ்சுக்கு நடுவில் வெல்டிங் வைக்க மாட்டேன் என்று ஒரு தினக்கூலி வெல்டர் தனியாகச் சொன்னால் நாளை வேறு ஆள் வருவார். அதே வார்த்தையை அந்த டிபார்ட்மெண்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து சொன்னால்? மெஷின் நிற்கும். பஞ்சு அப்புறப்படுத்தப்படும். ஆகவே கிளைகளுக்கு நாம் சொல்வது:

1. மில்லுக்குள் எழுத்து அனுமதி இல்லாமல் வெல்டிங், கேஸ் கட்டிங் எதுவும் நடக்கக் கூடாது என்று கோருங்கள். அனுமதிச் சீட்டில் தொழிலாளர் பிரதிநிதியும் இடத்தைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

2. வெல்டருக்கும் ஹெல்பருக்கும் ஷீல்டு, கையுறை, ஷூ, ஏப்ரான், புகைக்கான முகமூடி இலவசமாக வேண்டும். காண்டிராக்டு ஆள், வெளி மாநிலத்து ஆள் என்ற வித்தியாசம் கூடாது. இந்தி பேசும் தோழருக்கும் ஒரியா பேசும் தோழருக்கும் அவர் மொழியில் அபாயத்தைச் சொல்ல வேண்டும்.

3. பொறி பார்க்கும் ஆளுக்கும், வேலை முடிந்த பின் நிற்கும் காவலுக்கும் கூலி உண்டு என்று எழுதி வாங்குங்கள்.

4. வெல்டர்களுக்கு ஆண்டுதோறும் கண், நுரையீரல் பரிசோதனை நடக்க வேண்டும். முடிவைத் தொழிலாளி கையில் தர வேண்டும்.

5. ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் பாதுகாப்பு விதி செல்ல வேண்டுமென்று சர்க்காரைக் கேளுங்கள்.

6. விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் ஊர்ப் பட்டறைக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவரும் பெரும்பாலும் நம்மைப்போல் உழைப்பவர்தான். பிள்ளைகள் வேடிக்கை பார்க்காதபடி ஒரு தட்டி, வாசலில் ஒரு வாளி மணல், எண்ணெய்ப் பேரலை அறுப்பதில்லை என்ற ஒரு முடிவு - இந்த மூன்றுக்கும் அதிகச் செலவில்லை.

தோழர்களே! பாலத்தையும் பாய்லரையும், ரயில் பெட்டியையும் கப்பலையும் ஒட்டி நிறுத்துவது வெல்டரின் கை. அந்தக் கைக்குரியவர் கண்ணிழந்து மூலையில் உட்காரக் கூடாது. அவர் பக்கத்தில் நின்ற பையன் வெந்து சாகக் கூடாது. அவர் விட்டுச்சென்ற பொறியில் இராத்திரி ஷிப்டு எரியக் கூடாது. இதை எந்த முதலாளியும் தானாகத் தர மாட்டார்; எந்த இன்ஸ்பெக்டரும் நமக்கு முன்னால் வந்து நிற்கமாட்டார். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுங்கள். வெல்டர் தோழரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். ஹெல்பர் பையனையும் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவையுங்கள். அவர்கள் இருவரும் இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவதற்கு நம் மில்லில், நம் ஊரில் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பதிலை எழுதிக்கொண்டு மேனேஜரிடம் போங்கள். எல்லோருமாகச் சேர்ந்து போங்கள்!